கேட்கக் கூடாத ஆள்

கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், பைண்டிங், லேமினேஷன் எல்லாம் உண்டு. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. மேலாண்மை படிக்கிற பிள்ளைகள் பென் டிரைவை நீட்டிக்கொண்டு, "அக்கா, கறுப்பு அட்டை, தங்க எழுத்து, நாளைக்குக் காலையில வேணும்" என்று உயிரை எடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்றாவது அத்தியாயத்துக்கு 'ஆய்வு முறை' என்று தலைப்பு. வருஷா வருஷம் அதே பக்கங்கள்தான் ஆள் மாறி வரும். ஒருமுறை ஒருத்தன் கொண்டுவந்த மூன்றாவது அத்தியாயத்தில் போன வருஷம் படித்த பெண்ணின் பெயரே அழியாமல் கிடந்தது. எடுத்துச் சொன்னேன். "நல்லவேளை சொன்னீங்கக்கா" என்று என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அழித்துவிட்டுப் போனான்.

அதனால், என் கூடப்பிறந்த அக்கா நாற்பது வயதைத் தாண்டியபிறகு முதுகலை மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"ஆய்வேட்டுக்கு எதுக்கு அலையப்போற? நம்ம கடையிலயே ரெடிமேடா கிடைக்குமே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கடை மேஜையில் கோணலாகக் கிடந்த பேப்பர் கட்டைத் தட்டி நேராக்கி வைத்துவிட்டு, "இது எனக்குக் கடைசி வாய்ப்புடி" என்றாள்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அறை பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, தபாலில் பட்டப்படிப்பை முடித்து, மெல்ல மெல்ல மேலே வந்தவள். ஒரு அறைக்குள் நுழைந்தால் விருந்தாளி பார்ப்பதற்கு முன்னால் அத்தனையும் அவள் கண்ணில் பட்டுவிடும். கதவுச் சட்டத்தின் மேல் தூசி, குளியலறைக் குழாயில் உலர்ந்த நீர்த்துளி, திரைச்சீலையின் மடிப்பு ஒன்று அதிகம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். என் வீட்டுக்கு வந்தாலும் பேசிக்கொண்டே சோபா உறையை இழுத்துச் செருகுவாள். அவள் போனபிறகு என் வீடு எனக்கே வேறு யார் வீடோ மாதிரி இருக்கும்.

அந்தத் துறைக்கு மேனேஜர் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் வெளியிலிருந்து யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஹோட்டலின் பொது மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா மேனேஜர்னா மேலாண்மைப் பட்டம் வேணும். மேலிடத்துல கேப்பாங்க" என்றார். இப்போது இருக்கிற மேனேஜர் இரண்டு வருஷம் கழித்து வேறு ஊருக்குப் போகிறார். அதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவதாகவும் ஒரு வெளியாளுக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறவேண்டியதுதான்.

இப்படித்தான் அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அவள் கணவர், எங்கள் மாமா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், நாலரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். "சமையல் என் பொறுப்பு, நீ படி" என்று சொல்லிவிட்டார். சொன்ன முதல் வாரம் வீட்டில் எல்லோருக்கும் வயிறு சரியில்லை என்பது வேறு விஷயம்.

முதல் மூன்று பருவமும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துத் தேறிவிட்டாள். நாலாவது பருவத்தில் ஆய்வேடு. தலைப்பை வகுப்பில் சேருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். அறைப் பணியாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் தலைப்பு. அவள் பார்க்கும் மாடிகளில் புதிதாக வரும் பெண்கள் ஆறு மாதம், எட்டு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். அவளுக்கு அது பெரிய மனக்குறை. பழக்கி ஆளாக்கி விடுவது இவள், அடுத்த தெருவில் இன்னொரு ஹோட்டலில் போய்ச் சேருவது அவர்கள்.

காரணமும் கைவசம் தயாராக இருந்தது. தூரம், சம்பளம், கல்யாணம். இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கு வழிகாட்டும் கைடைப் பார்க்கப் போனாள். கைடாக அமைந்தவள் அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னப் பெண். ஒல்லியாக, தோளில் பெரிய பையோடு, கல்லூரி மாணவி மாதிரியே இருப்பாள். நான் அவளுக்கு வைத்த பெயர் குட்டி மேடம். அவள் அக்காவை மேடம் என்பாள், அக்காவும் அவளை மேடம் என்பாள். இரண்டு பேரும் என் கடைக்கு வந்து பேசினால் யார் யாரை மேடம் என்கிறார்கள் என்று கணக்கு வைக்கவே முடியாது.

அக்கா நீட்டிய தாளைக் குட்டி மேடம் படித்துவிட்டு, "மேடம், பதில்தான் ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கே. அப்புறம் எதுக்கு ஆய்வு?" என்று கேட்டிருக்கிறாள்.

"நிரூபிக்கணும்ல மேடம்?"

"நிரூபிக்கறதுக்கு வக்கீல் இருக்காங்க. நாம தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கறோம். உங்க மூணு காரணமும் தப்பா இருக்கலாம்னு கொஞ்சநேரமாவது நினைச்சுப் பாக்க முடியுமா?"

முடியாது என்றுதான் அக்காவுக்குத் தோன்றியதாம். ஆனால் தலையாட்டிவிட்டு வந்தாள். என் கடையில் வந்து உட்கார்ந்து, "நான் இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று புலம்பினாள். எனக்குக் குட்டி மேடத்தைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அக்காவிடம் மறுபேச்சுப் பேசியவர்களை அதற்கு முன்பு நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் ஆய்வு முறை தலைவிரித்து ஆடியது. மாதிரி எடுப்பது, மாறிகள், கருதுகோள், சார்பு என்று அக்கா வாயைத் திறந்தாலே பாடப்புத்தகம் கொட்டும். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று நான் சொன்னால், "மாதிரி எடுக்க ஒருத்தி போதாது, இன்னும் நாலு பேரைக் கேளு" என்று மாமா அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். பேருந்து தாமதமாக வந்தால் அதற்கு மூன்று கருதுகோள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாளாகப் பேசவில்லை என்றால் அதற்கு இரண்டு. நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த மூன்றாவது அத்தியாயத்தைச் சொந்தமாக எழுத முயற்சி செய்த ஆளை என் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேள்வித்தாளை என் கடையில்தான் அடித்தோம். ஒவ்வொரு வரியாக ஒரு கூற்று. 'என் வேலைக்கு உரிய மரியாதை கிடைக்கிறது.' 'என் மேற்பார்வையாளர் என்னை நியாயமாக நடத்துகிறார்.' இந்த மாதிரி. எதிரே ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்', கடைசிக் கட்டம் 'கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை'. குட்டி மேடம் பிடிவாதமாக நடுவில் ஒரு கூற்றைச் சேர்க்கச் சொல்லியிருந்தாள். 'வேறு வேலை கிடைத்தால் உடனே போய்விடுவேன்.'

அக்கா அதைக் கொண்டுபோய், காலை ஷிப்ட் தொடங்குமுன் துணி அறையில் எல்லோரையும் கூட்டி நிற்கவைத்து, கையில் ஆளுக்கொரு பேனா கொடுத்து, "யாரும் பயப்படாதீங்க, மனசுல இருக்கறதை எழுதுங்க. சந்தேகம்னா கேளுங்க, நான் இங்கேயேதான் நிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அங்கேயேதான் நின்றிருக்கிறாள். பெயர் எழுத வேண்டாம் என்று மறக்காமல் சொன்னாளாம். ஒவ்வொருத்தி கையிலிருந்தும் தாளை அவளே நேரில் வாங்கிக்கொண்டாளாம்.

அன்று சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து கடைக்கு வந்தாள். "பாருடி, ஒருத்தி விடாம நான் நியாயமா நடத்தறேன்னு சொல்லியிருக்காங்க" என்று கட்டை என் முன்னால் வைத்தாள். உண்மைதான். முதல் கட்டத்தில் டிக். அடுத்த தாளிலும் முதல் கட்டத்தில் டிக். எனக்கு வேலையே தாள் புரட்டுவதுதானே, மளமளவென்று புரட்டிக்கொண்டே போனேன். நடுவில் இருந்த அந்தக் கூற்றைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, உன்னை எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற வேலை கிடைச்சா உடனே ஓடிடுவாங்களாம். அதுக்கும் எல்லாரும் முழுக்க ஒப்புக்கொள்கிறேன்."

பிடுங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரே கோடாக முதல் கட்டத்தில் டிக், டிக், டிக். முகம் தொங்கிப்போனது. நான் சிரித்ததற்காகப் பிறகு எனக்கே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவள் அந்தத் தாள்களை அப்போதும் ஓரம் தட்டி நேராக அடுக்கிக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் குட்டி மேடம் அதைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லையாம். "இவங்க கேள்விக்கு டிக் போடல மேடம். பக்கத்துல நின்ன உங்களுக்குப் போட்டிருக்காங்க" என்றாளாம். "நீங்க ரொம்ப நல்லவங்களா இருக்கலாம். இருந்தாலும் நாளைக்கு அவங்களுக்கு எந்த மாடி, எந்த நாள் லீவுன்னு முடிவு பண்றது நீங்க. இந்த ஆய்வுல நீங்க மட்டும் கேக்கக் கூடாத ஆள்."

"நான் கேக்காம வேற யாரு கேப்பாங்க?"

அதற்கு ஒரு வழி அக்காவே யோசித்துக் கண்டுபிடித்தாள். வகுப்பில் நரைத்த தலை இரண்டு. ஒன்று அக்கா, இன்னொன்று ஒரு வங்கிக் கிளை மேலாளர். அவருடைய தலைப்பு, அவர் கிளையில் ஊழியர்கள் ஏன் மாறுதல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது. அவருக்கும் இதே கதிதான் ஆகியிருந்தது. கேள்வித்தாள் கொடுத்த அன்று அவர் ஊழியர்கள் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்கா போய், "சார், உங்க ஆட்களை நான் கேக்கறேன். என் ஆட்களை நீங்க கேளுங்க" என்றாள். மனுஷன் உடனே சரி என்றார். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியாதபடி அவரவரே தட்டச்சு செய்து, ஆளுக்கு ஒரு எண் மட்டும் போட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. வேலையை விட்டுப் போனவர்களையும் போனில் கேட்பது என்றும் முடிவானது. குட்டி மேடம் கைதட்டாத குறையாக ஒப்புக்கொண்டாள்.

பேட்டி எடுக்கத் தெரிய வேண்டுமே. அக்கா முதலில் மாமாவை வைத்துப் பழகினாள். நானும் அங்கே இருந்தேன். மாமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேருந்து வேலைக்கு முன்னால கம்பெனியில இருந்தீங்களே, அதை ஏன் விட்டீங்க? முதுகுவலிதானே?"

"ஆமா."

"தூரமும் ஒரு காரணம். அந்த மேஸ்திரியும் சரியில்ல. அதனாலதானே?"

"கேள்வியும் நீயே, பதிலும் நீயே. நடுவுல நான் எதுக்கு, வெங்காயம் உரிக்கவா?" என்றார் மாமா.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் ஆரம்பித்தாள். இந்த முறை, "கம்பெனி வேலையை ஏன் விட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் சும்மா உட்கார்வதைப் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது. மாமா இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "நான் செஞ்ச வேலை சரியா தப்பான்னு அங்க யாரும் எனக்குச் சொன்னதே இல்ல. இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணுன்னு தோணிடுச்சு. முதுகுவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அக்கா இதைக் கேட்டதே இல்லை. எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வெங்காயத்தால்தான் கண் கலங்குகிறது என்று மாமா சொன்னார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

வங்கிக்காரர் பேட்டிக்கென்றே பிறந்தவர். பேசவே மாட்டார். ஹோட்டலுக்குப் பக்கத்துப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்து, அச்செடுத்து அக்காவிடம் கொடுக்கச் சொல்லி என் கடைக்கு அனுப்பினார். படிக்கக் கூடாதுதான். ஆனால் பிரிண்டருக்கு முன்னால் நிற்பவளுக்குக் கண் வேறு எங்கே போகும்?

'சம்பளம் குறைவுதான், மேடம் நல்லவங்க' என்றுதான் முதல் சில பக்கங்கள் வந்தன. அப்புறம் ஒரு பக்கம் வந்தது.

'அவங்க திட்டவே மாட்டாங்க சார். அதான் கஷ்டம். நான் படுக்கை போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போவேன். அவங்க வந்து பாப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விரிப்பை உருவிட்டு அவங்களே முதல்லேருந்து போடுவாங்க.'

அதற்கு அடுத்து இன்னொரு எண். 'எது தப்புன்னு சொன்னா மாத்திக்கலாம். சொல்லவே மாட்டாங்க. எனக்கு இந்த வேலை வரவே வராதுன்னு நினைச்சுக்கிட்டேன். நின்னுட்டேன்.' இன்னொன்று. 'மறந்த துணியை எடுக்கத் திரும்பிப் போனேன். நான் அடுக்கின தலையணையை எல்லாம் கீழ எடுத்து வெச்சு மறுபடி அடுக்கிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்து சிரிச்சாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்.' ஆள் மாறினாலும் விஷயம் மாறவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு விதத்தில் அதையே சொல்லியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் இரண்டு கையாலும் உழைத்துத் தேய்ந்தது எனக்குத் தெரியும். ஆனால் என் சோபா உறையும் எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா சாயங்காலம் வந்து, பேப்பர் வெட்டும் இயந்திரத்தின் அருகே நின்றுகொண்டே படித்தாள். நான் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள். "நான் வேலைக்குச் சேந்தப்ப இருந்த சூப்பர்வைசர் விரிப்பை உருவி மூஞ்சியில எறிவா. நாம அந்த இடத்துக்கு வந்தா யாரையும் நோகடிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். சத்தமில்லாம நானே சரி பண்ணிட்டா போச்சுன்னுதான்..."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சண்டை அதற்குப் பிறகு வந்தது. ஹோட்டல் தன் ஊழியர்களைக் கேட்க அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வான வைவாவுக்குப் பொது மேலாளர் வந்து உட்காருவார். மேனேஜர் நாற்காலியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப்போகிற அதே ஆள். அவர் முன்னால் போய், என்னால்தான் ஆட்கள் ஓடுகிறார்கள் என்று சொல்வதா?

"அந்தப் பகுதியை எடுத்துடு. சம்பளம், தூரம், கல்யாணம்னு எழுது. அதையும் நாலு பேர் சொல்லியிருக்காங்கல்ல, பொய்யும் இல்ல" என்றேன்.

"எண்ணிப் பாத்தா அதிகம் பேர் சொன்னது இதுதான். இதை எடுத்துட்டு மிச்சத்தை எழுதினா அது பொய்தான்."

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்காத. படிக்கப் போனதே அந்த வேலைக்குத்தானே? மூணாவது தடவையும் கோட்டை விடப்போறியா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணுங்க முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளை நம்பிச் சொல்லியிருக்காங்க. நான் அதை மறைச்சா, அவங்க போட்ட படுக்கையை மறுபடியும் கலைச்ச மாதிரிதானே?"

கோபத்தில் அன்றைக்கு அவள் போகும்போது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் எழுதினாள். எழுதியதோடு நிற்கவில்லை. விரிப்பின் மூலை தளர்ந்திருந்தால் இப்போதெல்லாம் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, "இங்க பாரு, இது தளர்ந்திருக்கு, நீயே இழுத்து விடு" என்கிறாளாம். தானே இழுத்துவிட்டுப் போவதற்கு அரை நிமிஷம், சொல்லிக் கொடுப்பதற்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது விரதம் இருப்பதைவிடக் கஷ்டம் என்று சொல்லிச் சிரித்தாள். ஆய்வேட்டுக்கு அட்டை போட்டுத் தங்க எழுத்து பதித்துக் கொடுத்தது நான்தான். என் கடையில் அதைவிட நேராக ஒரு எழுத்தும் பதிந்ததில்லை.

வைவா அன்று கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீளமான அறை, ஓரத்தில் உடைந்த மின்விசிறி. முன்னால் மேஜையில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அவர் பக்கத்தில் குட்டி மேடம், அந்தப் பக்கம் கோட்டு போட்ட பொது மேலாளர். மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். உள்ளே வந்தால் மயக்கம் வரும் என்றார்.

அக்கா பேசினாள். கேள்வித்தாள் கொடுத்ததையும், எல்லோரும் முதல் கட்டத்தில் டிக் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள். தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வங்கிக்காரரின் பேட்டிகள். பிறகு அந்தக் கண்டுபிடிப்பு. குறை சொல்லாமல் மேற்பார்வையாளரே மறுபடி செய்துவிடுவது, அதனால் பணியாளருக்கு நம்பிக்கை போவது, அதனால் வேலையை விட்டே போவது.

பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது ரொம்ப முக்கியமான விஷயம்மா. நம்மகிட்ட சூப்பர்வைசருங்க நிறையப் பேர் இருக்காங்க. இது யாருன்னு தெரிஞ்சா உடனே கூப்பிட்டுப் பேசலாம்."

"நான்தான் சார்" என்றாள் அக்கா. "மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன்."

அவர் அவசரமாக மூன்றாவது அத்தியாயத்தைத் தேடினார். அந்தப் பக்கங்கள் புதுசாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. எச்சில் தொட்டுப் பிரித்தார். படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"இதை நீங்க எழுதாம விட்டிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார். சொன்னவங்களுக்கும் தெரியும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ என் கீழ இருக்கற மேனேஜருங்களை இப்படிக் கேட்டா என்னைப் பத்தி என்ன வரும்? நீங்களே அதைக் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார்.

நான் அக்காவாக இருந்தால் உச்சி குளிர்ந்து, சரி சார் என்று குதித்திருப்பேன். அவள் குதிக்கவில்லை.

"நான் கேக்கக் கூடாது சார். உங்க கையால மேனேஜர் வேலை கிடைக்கணும்னு நான் ஆசைப்பட்டுக்கிட்டு இருக்கேன். உங்களுக்குப் பிடிக்காததை எழுத எனக்குத் துணிச்சல் வராது. வேணும்னா கேக்கறதுக்குச் சரியான ஆளைப் பாத்துத் தர்றேன்."

முதலில் சிரித்தது பொது மேலாளர்தான். நான் எழுந்து வெளியே ஓடிப்போய், மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பாவம், தேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பொது மேலாளர் அவளிடம் சொன்னது இதுதான்: "வெளியிலேருந்து ஒருத்தரைக் கொண்டுவந்தா, இதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ரெண்டு வருஷம் ஆகும். கண்டுபிடிச்சாலும் சொல்ல மாட்டார்." பட்டத்தின் நகலை அவர் கேட்கக்கூட இல்லையாம். அக்காவே மூன்று பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள், என் கடையில் ஓசியில்.

ஒரு வருஷம் போனதும், யாரும் கேட்காமலே, அவள் வங்கிக்காரரை மறுபடி பூங்கா பெஞ்சுக்கு அனுப்பினாள். அதே கேள்விகள், அதே மரம். போன வாரம்தான் அந்தத் தாள்கள் என் பிரிண்டரில் வந்தன. படிக்கக் கூடாது என்று இந்த முறை நான் என்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை, நேராகப் படித்தேன். பத்துப் பன்னிரண்டு பக்கம் தாண்டியதும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அக்காவுக்கு போன் போட்டு, "உன் மேல புகார் வந்திருக்கு" என்றேன்.

"என்ன புகார்?" என்றாள் பயந்துபோய்.

வாசித்துக் காட்டினேன். 'மேடம் ரொம்பப் பேசறாங்க சார். ஒரு மூலை தளர்ந்தா போதும், நிக்க வெச்சு அரைமணி நேரம் பாடம். காது வலிக்குது.' கீழே வங்கிக்காரர் வழக்கம்போல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார், வேறு வேலை கிடைத்தால் போவீர்களா என்று.

"அதுக்கு என்ன சொல்லியிருக்கா?" என்றாள் அக்கா.

'எதுக்கு சார் போகணும்? இப்பத்தான் எனக்குப் படுக்கை போடவே வருது.'

போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவள் அழுகிறாளா என்று நான் கேட்கவில்லை, போனை வைக்கவும் இல்லை. கடையில் ஒருத்தன் பென் டிரைவை நீட்டிக்கொண்டு நின்றான். கொஞ்சம் பொறுடா என்று கையைக் காட்டினேன்.